நாற்பத்திரண்டு குறுந்தகடுகள்

ஏழாம் கட்டளையைப் பற்றிப் பிரசங்கம் செய்வது பங்குக் குருக்களுக்கு எளிதான காரியம். களவு என்றவுடன் கேட்போர் மனக்கண்முன் பூட்டை உடைப்பவனும், பேருந்தில் பணப்பையைக் கத்தரிப்பவனும், எடை குறைத்து நிறுக்கும் வியாபாரியும் வந்து நிற்பார்கள். அவர்களில் யாரும் பெரும்பாலும் அன்றைய திருப்பலிக்கு வந்திருப்பதில்லை. ஆகவே பிரசங்கியும் நிம்மதியாகப் பேசுகிறார். மக்களும் நிம்மதியாகக் கேட்கிறார்கள். குருப்பட்டம் பெற்ற நாள் தொட்டு நாமும் இவ்வாறு பன்முறை பேசியிருக்கிறோம். அவ்வாறு பேசிய நாள்களில் நம் அறையின் அலமாரியில் என்னென்ன இருந்தன என்பதை இப்பக்கங்களில் எழுதிவிட வேண்டுமென்று கடந்த ஓராண்டாக ஓர் உறுத்தல் நம்மை விடாது இருந்து வருகிறது.

நம் இளமை, ஒலிநாடாக்களின் காலம். 1980களில் நம் ஊர்க் கடைத்தெருவில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடை ஒன்று இருந்தது. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், இரண்டொரு நாளில் 60 நிமிட நாடாவில், பக்கத்துக்கு அரைமணி நேரமாக, அழகாகப் பதிந்து வைத்திருப்பார் கடைக்காரர். நாடாவின் உறையில் பாடல்களின் முதல் அடிகளைத் தம் முத்துப் போன்ற கையெழுத்தில் எழுதியும் தருவார். நாடாவின் விலையும் பதிவுக் கூலியும் சேர்த்து அவர் கேட்டதை நம் தகப்பனார் பேரம் பேசாமல் கொடுப்பார். கடன் வைப்பதைப் பாவமாகக் கருதிய மனிதர் அவர். எனினும், அந்தப் பணத்தில் ஒரு பைசாகூட அப்பாடலை எழுதியவருக்கோ, இசையமைத்தவருக்கோ, பாடியவருக்கோ போய்ச் சேரவில்லை என்பது அவருக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை. கடைக்காரர் உழைத்தார், கூலி பெற்றார், கணக்கு தீர்ந்தது. கண்ணுக்குத் தெரிகிற உழைப்புக்குக் கூலி கொடுக்காமலிருக்க நம் மக்களுக்கு மனம் வராது. கண்ணுக்குத் தெரியாத உழைப்பில்தான் சிக்கலே தொடங்குகிறது.

குருமடத்தில் சேர்ந்த பின்னர் நம் பழக்கம் குறையவில்லை. விரிந்தது என்றே சொல்ல வேண்டும். இரண்டு நாடாக்களை ஒருங்கே இடும் கருவி ஒன்று பொது அறையில் இருந்தது. பக்திப் பாடல்களும் தியானப் பிரசங்கங்களும் அதில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இரவு பகலாகப் பெயர்ந்துகொண்டிருந்தன. வெளிநாட்டு இறையியல் நூல்களின் விலை எங்களுக்கு எட்டாதது. ஒரு நூல் வந்தால் வகுப்பு முழுமைக்கும் நகல் எடுத்துவிடுவோம். உடன்பயின்றவர் ஒருவர் இதற்கு நியாயம் கூறப் புனித தோமா அக்குவினாரையே துணைக்கு அழைத்தார். கடும் பஞ்சத்தில், வேறு வழியற்ற நிலையில், ஒருவன் தன் உயிரைக் காக்கப் பிறன் பொருளை எடுப்பது களவு ஆகாது என்பது அப்பெரியாரின் முடிபு. ஆயின் அவர் பேசியது பசியால் மடியும் மனிதனைப் பற்றி. பட்டப்படிப்பை முடிக்க வேண்டிய மாணவனுக்கு அதைச் சற்று இழுத்துப் பொருத்தலாம். ஞாயிறு மாலையில் கேட்கும் பாட்டுக்கு எவ்வளவு இழுத்தாலும் அது எட்டாது. இதை நாங்கள் அறியாமல் இல்லை. சிரித்துக்கொண்டே நகல் எடுத்தோம்.

திருச்சபை வரலாற்று வகுப்பில் எங்கள் பேராசிரியர் சொன்ன ஒரு கதை அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்து நாட்டில் வாழ்ந்த புனித கொலம்பா, தம் ஆசிரியரான புனித ஃபின்னியனிடம் இருந்த திருப்பாடல் சுவடியை, இரவு நேரங்களில் ஆலயத்தில் தனித்து அமர்ந்து, யாருக்கும் தெரியாமல் படியெடுத்தார் என்பது அந்நாட்டு மரபு. செய்தி அறிந்த ஃபின்னியன், மூலம் என்னுடையது, ஆகவே படியும் என்னுடையதே என்றாராம். என் கையால் எழுதியது எனக்கே என்றாராம் கொலம்பா. வழக்கு அரசர் டியர்மத்திடம் போயிற்று. பசு யாருடையதோ கன்றும் அவருடையதே, அதுபோலவே நூலும் அதன் படியும் என்று அரசர் தீர்ப்புரைத்தார். இம்மனத்தாங்கலும் சேர்ந்துதான் 561ஆம் ஆண்டையொட்டி ஒரு பெரும் போர் மூண்டது என்றும், அதில் மாண்டவர்களை எண்ணி வருந்திய கொலம்பா 563இல் தாய்நாட்டை விட்டு அயோனா தீவுக்குப் போய்விட்டார் என்றும் கதை தொடர்கிறது. வரலாற்று அறிஞர்கள் இதன் ஒவ்வொரு பகுதியையும் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும் கொலம்பாவின் கையெழுத்து என மரபு போற்றும் பழைய திருப்பாடல் சுவடி ஒன்று டப்ளின் நகரில், அயர்லாந்து அரச கழகத்தின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. திருடிய படியா, திருப்பணியா என்ற வழக்குக்கு வயது ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு என்பதைக் கேட்டு எங்கள் வகுப்பு அன்று பெரிதும் மகிழ்ந்தது. எல்லாருக்கும் கொலம்பாவின் கட்சியே பிடித்திருந்தது. ஃபின்னியனின் பக்கம் நின்று யோசிக்க ஒருவரும் இல்லை.

2004ஆம் ஆண்டு நாம் ஒரு வறண்ட நிலத்துப் பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். அவ்வாண்டு திருநீற்றுப் புதன் பிப்ரவரி 25. அதே நாளில்தான் மெல் கிப்சன் இயக்கிய, ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் திரைப்படம் அமெரிக்காவில் வெளியாயிற்று. தவக்காலம் முடிவதற்குள் அதன் திருட்டுப் பிரதி, இரண்டு வட்டுகளாக, எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக் கடையில் வந்துவிட்டது. நாமே போய் வாங்கினோம். வாடகைக்குத் திரையொளிக் கருவி கொண்டுவந்து, கோவிலின் வெள்ளைச் சுவரில், பாடுகளின் வாரத்தில் ஊரார் அனைவருக்கும் காட்டினோம்.

ஏதோ ஓர் ஊர்த் திரையரங்கில் மறைவாகப் படம்பிடிக்கப்பட்ட பிரதி அது. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் முகங்குப்புற விழுந்து செபிக்கையில், திரையின் அடியிலிருந்து ஒரு மனிதனின் தலை எழுந்து, நிதானமாக இடமிருந்து வலமாக நடந்து மறைந்தது. அவன்தான் யூதாஸ் என்று முன்வரிசைப் பாட்டி ஒருவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். படத்தின் மொழி அரமேயமும் இலத்தீனும். கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளை நாம் ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். ஆணி அறையும் காட்சியில் மைதானமே அழுதது. அவ்வாண்டு உயிர்ப்பு ஞாயிறுக்கு முன் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வந்தோரின் வரிசை, அதற்கு முன்னும் பின்னும் நாம் கண்டிராத நீளம். அது நல்லதா தீயதா என்று எங்களைக் கேட்டால் இன்றும் ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஆனால் வட்டு தொடங்கியதும் முதலில் வந்தது, இதைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம் என்ற ஆங்கில அறிவிப்பு. அதை மட்டும் நாம் தமிழில் சொல்லவில்லை.

இனி வாத்தியாரிடம் வருவோம்.

அப்பங்கின் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் அவர்; பாடகர் குழுவையும் அவரே நடத்தினார். பெயர் வேண்டாம். ஆர்மோனியத்தில் விரல் வைத்தால் நேரம் மறந்துவிடும் இயல்பினர். அன்னை மரியாளைப் பற்றித் தாமே எழுதி இசையமைத்த பத்துப் பாடல்களை ஒரு குறுந்தகடாக வெளியிட வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் அவா. 2005ஆம் ஆண்டு, மனைவியாரின் நகைகளை அடகு வைத்து, நகரத்திலிருந்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வாடகை கொடுத்து, புல்லாங்குழலுக்கும் தபலாவுக்கும் ஆள் அமர்த்தி, அதைச் செய்து முடித்தார். ஆயிரம் தகடுகள். விலை ஐம்பது ரூபாய். முதல் தகட்டை நம் கையில் கொடுத்து ஆசீர் பெற்றார். அதற்கும் நாம் ஐம்பது ரூபாய் கொடுத்தோம். வாங்க மறுத்தவரை வற்புறுத்திக் கொடுத்தோம். அந்தப் பெருமை நமக்கு உண்டு.

செப்டம்பர் 8, அன்னையின் பிறப்பு விழா, அந்தப் பங்கின் திருவிழா. ஆண்டுதோறும் அன்று பீடச் சிறுவர்களுக்குப் பரிசு கொடுப்பது வழக்கம். அவ்வாண்டு அவர்கள் நாற்பத்திரண்டு பேர். வாத்தியாரின் பாடல்களையே பரிசாகக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. நல்ல எண்ணம்தான். அதைச் செயல்படுத்திய விதம் வேறு. இளைஞர் குழுவில் ஒருவன் கணினி மையத்தில் வேலை பார்த்தான். நம்மிடமிருந்த தகட்டை அவனிடம் கொடுத்து, நாற்பத்திரண்டு நகல் எடுத்துவரச் சொன்னோம். வெற்றுத் தகடு பத்து ரூபாய். எழுதும் கூலியை அவன் கேட்கவில்லை. விலை கொடுத்து வாங்கியிருந்தால் 2,100 ரூபாய். நகலுக்கு ஆனது 420. பங்குக் கணக்கில் 1,680 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று நிதிக்குழுவில் நாம் சொன்னதும் நினைவிருக்கிறது. அண்டைப் பங்குகளில் இருந்த நண்பர்களான குருக்கள் சிலருக்கும், கேட்டவுடன், நகல் அனுப்பினோம். வாத்தியாரின் புகழைப் பரப்புகிறோம் என்றே மனமார நம்பினோம்.

திருவிழாவன்று கொடிமரத்தின் அருகே வாத்தியார் ஒரு மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தகடுகளை அடுக்கி வைத்து அமர்ந்திருந்தார். திருப்பலி முடிவில் நாம் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு சிறுவனின் பெயராக வாசித்துப் பரிசைக் கொடுத்தோம். மேலுறையின்றி, ஊதா மையால் தலைப்பு எழுதப்பட்ட அந்தத் தகடுகளை ஆட்டிக்கொண்டு சிறுவர்கள் அவருடைய மேசையைக் கடந்து ஓடினார்கள். அவர்களுடைய பெற்றோரும் கடந்து போனார்கள். வீட்டில்தான் ஒன்று வந்துவிட்டதே! மாலையில் நாம் மேசையருகே போய், “என்ன வாத்தியாரே, வியாபாரம் எப்படி?” என்று கேட்டோம். “பாட்டு நாலு பேர் வாயிலே வந்தாச் சரி சாமி” என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். நாமும் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டோம்.

அடுத்த சில ஆண்டுகளில் நமக்கு மாற்றல் வந்தது. தகடுகளின் காலமும் மாறியது. பாட்டைச் சுருக்கி, நிமிடத்துக்கு ஒரு மெகாபைட் அளவில் அடக்கும் முறை பரவவே, பத்துப் பாடல்களுக்கு இடம் தந்த அதே வட்டில் 150 பாடல்கள் அமர்ந்தன. பிறகு வட்டும் போய், விரல் அளவுக் குச்சி வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்கிக் கைப்பேசி இணையத்தின் விலையைத் தரைமட்டமாக்கிய பிறகு, அந்தக் குச்சிக்கும் வேலை குறைந்தது. கேட்க விரும்பிய பாட்டு, விரல் பட்டவுடன், விளம்பரத்தோடு வருகிறது. விளம்பரம் கேட்பதும் ஒருவகைக் கட்டணமே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வருவாயில் ஏதோ ஒரு பங்காவது உரியவருக்குப் போக வழியிருக்கிறது. பேருந்து நிலையத்துக் கடையில் நாம் கொடுத்த பணத்துக்கு அந்த வழியும் இருக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் மிகத் தாமதமாகவே படித்தோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஆலயங்களிடம் கடுமை காட்டுவதன்று. உண்மையான சமயச் சடங்கின்போது பிறருடைய பாட்டைப் பாடுவதும் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்வதும் குற்றமில்லை என்று அதன் 52ஆம் பிரிவு தெளிவாகவே விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலமும் அதையொட்டிய கொண்டாட்டங்களும்கூட அந்த விலக்கில் அடக்கம். ஆகவே திருப்பலியில் வாத்தியாரின் பாட்டை ஆயிரம் முறை பாடியிருக்கலாம். எவரும் கேட்க முடியாது. தகட்டை நகலெடுத்து வழங்குவதற்கு அந்த விலக்கு இல்லை. திரைப்படத்துக்கும் அதில் இடமில்லை. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம். இலாப நோக்கமில்லாதவர்க்குத் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு இடமுண்டு என்பது நம்மைப் போன்றோருக்குச் சிறு ஆறுதல். கோவில் சுவரில் நாம் அப்படத்தைக் காட்டிய அதே 2004இல்தான், குண்டர்களையும் கள்ளச்சாராயக்காரர்களையும் தடுத்து வைப்பதற்கான தமிழகத்தின் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருட்டு வீடியோக்காரர்களும் சேர்க்கப்பட்டார்கள் என்பதைப் படித்தபோது, நாம் நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். விற்றவனுக்குத்தான் அச்சட்டம். வாங்கியவன் பங்குக் குரு.

2012இல் வந்த திருத்தம் நம்மை வேறுவகையில் சிந்திக்க வைத்தது. திரைப்படத்துக்காகப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை முழுவதும் தயாரிப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாலும், அப்பாட்டு திரையரங்குக்கு வெளியே பயன்படும்போதெல்லாம் வரும் உரிமத்தொகையில் சமபங்கு அவர்களுக்கு உண்டு. அதை விட்டுக்கொடுத்தேன் என்று அவர்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. பாட்டை எழுதியவனுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு ஒரு விற்பனையோடு அறுந்துவிடுவதில்லை என்று சட்டமே ஒப்புக்கொண்டதாக இதை நாம் படித்தோம். டியர்மத் அரசரின் பசுவும் கன்றும் நினைவுக்கு வந்தன. கூடவே வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசையும் நினைவுக்கு வந்தது. உடனே வேறு பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

இன்று நம் பழக்கம் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். இசைக்கு மாதக் கட்டணம் செலுத்துகிறோம், சொந்தப் பணத்தில். திரைப்படத்துக்கு நெடுநாள் மருமகனுடைய கடவுச்சொல்லே நமக்குக் கைகொடுத்தது. 2023இல் ஒரு நாள் தொலைக்காட்சித் திரை, நீங்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்று சொல்லிவிட்டது. தங்கை மகன் வீட்டுக்கு நாம் குடும்பம் இல்லையா என்று அவன் சண்டைக்கே போனான். ஒரு வீட்டில் ஒன்றாக வசிப்போர்தாம் அவர்கள் கணக்கில் குடும்பம். அந்தக் கணக்கில் நம் குடும்பம் சமையற்காரரும் இரவுக் காவலரும்தாம். பின்னர், கிறிஸ்து பிறப்புக் காலத்திலும் கோடை விடுமுறையிலும் மட்டும் ஒரு மாதக் கட்டணம் கட்டிப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். படங்கள் நான்கைந்து நிறுவனங்களிடையே சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் பணம் கட்ட ஒரு பங்கு இல்லத்தாலும் ஆகாது, நடுத்தரக் குடும்பத்தாலும் ஆகாது. பார்க்காமல் விடுவது என்ற ஒரு வழியும் உண்டு என்பது நமக்கு ஐம்பது வயதுக்குப் பிறகே தெரிந்தது.

முழுவதும் திருந்திவிட்டோம் என்றும் சொல்வதற்கில்லை. சென்ற மழைக்காலத்தில் உதவிப் பங்குத்தந்தை ஒரு மலையாளப் படத்தைக் குச்சியில் கொண்டுவந்தார். எங்கிருந்து என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாதி பார்த்தோம். பாதியில் நிறுத்தியது மனச்சாட்சி அன்று, மின்சாரம்.

நம் குடும்பங்களை நாம் குறைகூற எழுதவில்லை. திருமண மொய்யில் நூறோடு ஒன்று சேர்த்து வைக்கும் மக்கள் நம் மக்கள். பூக்காரிக்கும் பந்தல்காரருக்கும் பாக்கி வைக்காதவர்கள். புதுப்படம் வெளியான அன்றே கைப்பேசிக் குழுவில் வந்தால் மட்டும், வீடே கூடிப் பார்க்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் கேட்பதைப் பற்றி ஒரு சொல்லும் பேசுதல் ஆகாது. நாம் சொல்வதைப் பற்றிப் பேசலாம் அல்லவா? குருமட நாள் முதல் ஐம்பதாவது வயது கடக்கும்வரை எத்தனையோ முறை முழங்கால்படியிட்டிருக்கிறோம். நகல் எடுத்தேன் என்று ஒருமுறையும் நாம் சொன்னதில்லை. மறந்ததால் அன்று. அது அந்தப் பட்டியலில் சேரும் பொருள் என்றே தோன்றாததால்.

சென்ற ஆண்டு வாத்தியாரின் மனைவியார் இறைவனடி சேர்ந்தார். அடக்கத்துக்கு நம்மால் போக இயலவில்லை. முப்பதாம் நாள் திருப்பலிக்குப் போனோம். திருப்பலி முடிந்து வீட்டில் உணவு. கூட்டம் அதிகமாகையால், உள்ளறைக் கட்டிலில் நம்மை அமர்த்தினார்கள். குனிந்து செருப்பைத் தள்ளியபோது கட்டிலின் அடியில் அட்டைப்பெட்டிகள் தெரிந்தன. ஒன்றின் வாய் திறந்திருந்தது. நீல உறையில் அன்னையின் படம். மெல்லிய தாள் பிரிக்கப்படாத தகடுகள். தண்ணீர் கொண்டுவந்த மருமகள் நம் பார்வையைக் கண்டுகொண்டார். “மாமாவோட பாட்டு சி.டி. சாமி. ஆறு பெட்டி கிடக்கு. பழைய பேப்பர்காரன்கிட்டப் போடலாம்னாலும் விடமாட்டேங்கிறாங்க. அத்தை நகையை மீட்கவே ஆறு வருஷம் ஆச்சாம்” என்று, சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சோறு இறங்கவில்லை என்று எழுதினால் மிகைப்படுத்தியதாகும், சாப்பிட்டோம். ஆனால் நாற்பத்திரண்டு என்ற எண் அன்று முதல் நம்மோடு வரத் தொடங்கியது. அந்த நாற்பத்திரண்டு பேரும் விலை கொடுத்து வாங்கியிருப்பார்களா என்றால், மாட்டார்கள், சிலர் வாங்கியிருப்பார்கள். ஆறு பெட்டிகளும் நம்மால்தான் தேங்கின என்றும் சொல்ல முடியாது. ஆயின், விலை கொடுக்காமலே இதைப் பெறலாம் என்று அந்த ஊருக்கு முதலில் காட்டிக் கொடுத்த கை எது? அதுவும் பீடத்தின் முன் நின்று, பெயர் வாசித்து! குருமடத்தில் எங்கள் அறநெறி இறையியல் பேராசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வார்: களவுக்கு மனம் வருந்தினால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தில் இம்முறை சொன்னோம். கேட்ட முதிய குரு சற்று நேரம் பேசாதிருந்து, “அந்த வாத்தியார் உயிரோடிருக்கிறாரா?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை முற்பகல், உறையில் 8,400 ரூபாய் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னாரல்லவா? 2,100ஐ நான்கால் பெருக்கியிருந்தோம். வாத்தியார் திண்ணையில் இருந்தார். எழுபதைக் கடந்தும் குரல் தளரவில்லை. சுற்றி வளைக்காமல் காரியத்தைச் சொன்னோம். அவர் வியப்படையவில்லை.

“நாற்பத்திரண்டு சாமி. நீங்கதானே மைக்கிலே பேர் வாசிச்சீங்க. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார்.

இருபது ஆண்டுகள் அந்த எண்ணை அவரும் வைத்திருந்திருக்கிறார். பணத்தை எண்ணினார். நான்கு மடங்கின் காரணத்தைச் சொன்னோம். “சக்கேயு கணக்கு எனக்கு எதுக்கு சாமி? என் கணக்கு ஐம்பது ரூபாதான்” என்று 2,100ஐ எடுத்துக்கொண்டு, மீதி 6,300ஐ உறையிலேயே இட்டு நம் கையில் திருப்பி வைத்தார். வேறு பங்குகளுக்கும் நகல் அனுப்பியதைச் சொன்னோம். “அது எனக்குத் தெரியாத கணக்கு. தெரிஞ்சதுக்கு வாங்கிக்கிட்டேன்” என்றார்.

பிறகு உள்ளே போய், அலமாரியைத் துழாவி, அந்த நாளில் தகட்டு விற்பனைக்கென்று அச்சடித்த பில் புத்தகத்தைக் கொண்டுவந்தார். தாள்கள் பழுப்பேறி இருந்தன. முதல் சில தாள்கள் மட்டுமே கிழிக்கப்பட்டிருந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நம் பெயரை எழுதி, எண்ணிக்கை 42, விலை 50, மொத்தம் 2,100 என்று நிரப்பினார்.

“தேதி எதைப் போட சாமி? அன்னைக்கா, இன்னைக்கா?”

சற்று யோசித்தோம். இன்றைய தேதியையே போடச் சொன்னோம். எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி கட்டிலருகே அமர்ந்து, ஒரு பெட்டியை இழுத்து, நாற்பத்திரண்டு தகடுகளை இரண்டு முறை எண்ணி, பழைய தினத்தாளில் சுற்றிச் சணலால் கட்டிக் கொடுத்தார். பங்கு இல்லத்தில் அவற்றை ஒலிக்கச் செய்யும் கருவி இப்போது ஏதுமில்லை. கட்டைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்திருக்கிறோம்.